ஐந்து கிலோமீட்டர் தள்ளி வைக்கப்பட்ட சேரி

தமிழ்நாட்டில் இன்று மக்கள்தொகையைப் பற்றிப் பேசாத அரசியல்வாதி இல்லை. 2024 அக்டோபரில் சென்னையில் நடந்த ஒரு திருமண விழாவில், நாடாளுமன்றத் தொகுதிகள் குறையப்போகிற நிலையில் பதினாறு பிள்ளைகள் பெற்றுக்கொண்டால் என்ன என்று கேட்டார் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின். அதே மாதம் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவும் கூடுதலாகப் பிள்ளை பெறுங்கள் என்று தம் மாநிலத்தவருக்கு அறிவுரை சொன்னார். 2025 மார்ச் 5 அன்று தொகுதி மறுவரையறையை எதிர்த்து அனைத்துக் கட்சிக் கூட்டம். மார்ச் 22 அன்று பல மாநிலத் தலைவர்கள் சென்னையில் கூடிய கூட்டு நடவடிக்கைக் குழுக் கூட்டம். மேடைதோறும் ஒரே கவலை: தமிழர் எண்ணிக்கை குறைகிறது.

இந்தத் "தமிழர் எண்ணிக்கை"க்குள் யார் யார் இருக்கிறார்கள்? யார் எத்தனை வயது வரை வாழ்கிறார்கள்? யாருடைய குழந்தை முதல் பிறந்தநாளுக்கு முன் சாகிறது? யார் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள், ஏன் கிளம்புகிறார்கள்? இப்படிக் கேட்டால் மேடை அமைதியாகிவிடுகிறது.

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டங்களில் மக்கள்தொகை மாற்றத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என் துறையில் ஒரு கிராமத்தைப் பற்றிய எண் அந்தக் கிராமத்திலேயே தங்கிவிடுவதில்லை. அது மும்பைக்கும் ஹவாய்க்கும் பாரிஸுக்கும் மேரிலாந்துக்கும் பயணம் செய்கிறது. நாடு கடந்த ஆய்வுக் கூட்டுறவு இல்லாமல் மக்கள்தொகையியல் என்ற துறையே இல்லை. அந்தக் கூட்டுறவு இப்போது இரண்டு பக்கமிருந்து அடிவாங்குகிறது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைப்பவள் நான். ஆனால் இருந்தபடியே காப்பாற்றக் கூடாது என்றும் நினைக்கிறேன். அதற்கான காரணங்களைத்தான் இங்கே வைக்கிறேன்.

எண்களுக்கு என்ன நடக்கிறது?

முதலில் நிலவரம். 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. கொரோனா என்றார்கள், கொரோனா போய் ஆண்டுகள் ஆன பின்னும் நடக்கவில்லை. இப்போது 2027-க்குத் தள்ளிப் போயிருக்கிறது. இந்தியாவில் ஒரு கிராமத்தில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று சொல்ல இன்றும் நாம் 2011-ன் எண்ணைத்தான் எடுக்கிறோம். ரேஷன் அரிசிக்கும் அந்த எண்தான், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அந்த எண்தான்.

கணக்கெடுப்பு இல்லாத ஆண்டுகளில் நமக்குக் கை கொடுத்தது தேசியக் குடும்பநல ஆய்வு. 1992-93-ல் முதல் சுற்று, 2019-21-ல் ஐந்தாம் சுற்று. மும்பையில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இதை நடத்துகிறது. பெயரிலேயே "பன்னாட்டு" இருப்பது அலங்காரத்துக்காக இல்லை. 1956-ல் ஐ.நா. அவையும் டாடா அறக்கட்டளையும் இந்திய அரசும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. குடும்பநல ஆய்வின் முதல் சுற்றுக்கு அமெரிக்க உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் பணம் கொடுத்தது. ஹவாயில் உள்ள கிழக்கு-மேற்கு மையம் தொழில்நுட்ப உதவி செய்தது. உலகின் தொண்ணூறு நாடுகளில் ஒரே மாதிரியான கேள்விகளோடு நடந்துவந்த ஆய்வுக் குடும்பத்தில் இதுவும் ஒன்று. அதனால்தான் தமிழ்நாட்டையும் பீகாரையும் வங்கதேசத்தையும் ஒரே அட்டவணையில் வைத்துப் பேச முடிந்தது.

2023 ஜூலையில் மும்பை நிறுவனத்தின் இயக்குநர் கே.எஸ்.ஜேம்ஸை ஒன்றிய அரசு இடைநீக்கம் செய்தது. நியமன முறைகேடு என்று காரணம் சொல்லப்பட்டது. ஐந்தாம் சுற்றின் எண்கள் அரசுக்குப் பிடிக்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. திறந்தவெளிக் கழிப்பு முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று அரசு அறிவித்த பிறகு, ஐந்தில் ஒரு வீட்டுக்குக் கழிப்பறை வசதி இல்லை என்று அந்த ஆய்வு சொல்லியிருந்தது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்றும் சொல்லியிருந்தது.

இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கம் 2025 பிப்ரவரியில் டிரம்ப் அரசு யு.எஸ்.எய்டைக் கலைக்கும் போக்கில், இந்தப் பன்னாட்டு ஆய்வுத் திட்டத்தையே நிறுத்தியது. 1984 முதல் நடந்துவந்த ஒரு வேலை ஒரு கடிதத்தில் முடிந்தது. பல நாடுகளில் பாதியில் நின்றன ஆய்வுகள்.

டெல்லிக்கு உண்மையான எண் வேண்டாம். வாஷிங்டனுக்கு நம் எண்ணே வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள், எண் இல்லையென்றால் இருப்பதே தெரியாமல் போகக்கூடிய மக்கள்.

நம் மாவட்டத்திலிருந்து தொடங்கிய கதை

பன்னாட்டு ஆய்வு என்றால் ஏதோ நேற்று வந்த ஒன்று என்று நினைக்க வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தம் மாணவர்களை அவரவர்க்குத் தெரிந்த கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். மக்கள் எத்தனை, நிலம் யாருக்கு, கூலி எவ்வளவு என்று எழுதி வந்தார்கள். 1918-ல் "சில தென்னிந்தியக் கிராமங்கள்" என்ற தொகுப்பு வெளியானது. அதில் ஒன்று வடமலைபுரம். அன்று இராமநாதபுரம் மாவட்டம், இன்று எங்கள் விருதுநகர் மாவட்டம். 1936-37-ல் இக்கிராமங்களுக்கு மீண்டும் ஆய்வாளர்கள் போனார்கள். 1960களில் போனார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் வடமலைபுரத்துக்கு மீண்டும் போனார்கள். ஒரே கிராமத்தைத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பிப் பார்த்த இப்படியொரு தொடர் உலகில் அரிது. வெளிநாட்டு அறிஞரும் உள்நாட்டு அறிஞரும் சேர்ந்து கட்டிய தொடர் இது. இதன் பயனை நான் மறுக்கவில்லை. என் ஆய்வே அதன் தோளில் நிற்கிறது.

ஆனால் முதல் கேள்வியை யார் கேட்டார்கள் என்று பாருங்கள். ஸ்லேட்டர் மாணவர்களை அனுப்பிய அதே 1916-ல்தான் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. பல்கலைக்கழகத்தில் பதிவுபெற்ற பட்டதாரிகள் 650 பேரில் 452 பேர் பார்ப்பனர்கள் என்று அக்காலக் கணக்கு காட்டியது. அப்படியொரு பல்கலைக்கழகத்திலிருந்து "தனக்குத் தெரிந்த கிராமத்துக்கு" ஒரு மாணவர் போனால், அவருக்குத் தெரிந்த கிராமம் எது? அக்கிரகாரமும் ஊர்த்தெருவும்தான். சேரியைப் பற்றி அவர் எழுதியிருந்தாலும், அது அவர் யாரிடம் கேட்டு எழுதியது? சேரிக்குள் நடந்துபோய் ஒரு திண்ணையில் உட்கார்ந்து கேட்டதா, ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலிருந்தே எழுதியதா?

இது நூறாண்டுப் பழைய கேள்வி என்று தள்ளிவிட முடியாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு ஊரைக் காட்டுகிறவர் உள்நாட்டுக்காரர். அந்த உள்நாட்டுக்காரர் யார் என்பதுதான் எந்த ஊர் காட்டப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. இன்றும் அதுவே நடக்கிறது.

முப்பது ரூபாய்க்கு வாங்கப்பட்ட உடல்கள்

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பன்னாட்டு மக்கள்தொகை ஆய்வு வேறொரு கவலையோடு இந்தியாவுக்கு வந்தது. ஏழை நாடுகளில் ஏழைகள் பெருகினால் என்ன ஆகும் என்ற கவலை. 1958-ல் பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஆன்ஸ்லி கோலும் எட்கர் ஹூவரும் இந்தியாவை மாதிரியாக வைத்து, பிறப்பைக் குறைக்காமல் வளர்ச்சி இல்லை என்று எழுதினார்கள். ஃபோர்டு அறக்கட்டளையின் பணம் வந்தது. திண்டுக்கல் பக்கம் காந்திகிராம நிறுவனம் ஆத்தூர் வட்டாரத்தில் நடத்திய குடும்பக் கட்டுப்பாட்டுச் சோதனை உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது.

இதில் வெள்ளைக்காரரை மட்டும் குற்றம் சொல்வது வசதியான பொய். 1951 கணக்கெடுப்பின் ஆணையர் ஆர்.ஏ.கோபாலசாமி. நான்காவது, அதற்கு மேற்பட்ட பிள்ளைப்பேறுகளை "பொறுப்பற்ற தாய்மை" என்ற பொருள்படும் சொல்லால் குறித்தவர் அவர். அந்தக் கணக்கெடுப்பிலிருந்துதான் பட்டியல் சாதி, பழங்குடி தவிர மற்ற சாதிகளை எண்ணுவது நின்றது. பிறகு அவரே சென்னை மாகாணத்தின் தலைமைச் செயலாளரானார். 1956-ல் கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு முப்பது ரூபாய் தரும் திட்டத்தை இந்தியாவிலேயே முதலில் கொண்டுவந்தது சென்னை அரசுதான். முப்பது ரூபாய்க்குத் தன் உடலைக் காட்டவேண்டிய நிலையில் இருந்தவர்கள் எந்தத் தெருவினர் என்பதை எண்ணும் அட்டவணை மட்டும் இல்லை.

அம்பேத்கரும் பெரியாரும் கருத்தடையைப் பேசவில்லையா என்று கேட்கலாம். பேசினார்கள், இந்த அரசுகளுக்கு வெகுகாலம் முன்பே பேசினார்கள். 1938 நவம்பரில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அம்பேத்கரின் சார்பில் பி.ஜே.ரோகம் கருத்தடைத் தீர்மானத்தை முன்மொழிந்தார். சபை அதைத் தோற்கடித்தது. பெரியார் அதற்கும் முன்பே குடிஅரசில் எழுதினார். மற்றவர்கள் நாட்டுக்காகவும் குடும்பச் சொத்துக்காகவும் கருத்தடை வேண்டும் என்கிறார்கள், பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்பதே தம் நிலைப்பாடு என்று வேறுபடுத்திக் காட்டினார்.

இந்த வேறுபாடுதான் முக்கியம். பிள்ளை வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெண்ணுடையது என்றார் பெரியார். அரசோ, பிள்ளை வேண்டாம் என்று பெண்ணுக்கு உத்தரவிட்டது. குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையை நம்பியிருப்பவர்கள் 0.1 விழுக்காடு. மொத்தச் சுமையும் பெண்ணின் வயிற்றில். இன்று மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2023 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 1.3 ஆகக் குறைந்த பின், அதே பெண்ணிடம் வந்து பதினாறு பெற்றால் என்ன என்கிறார்கள். அன்று குறை என்றதும் அவளுடைய உடலைத்தான், இன்று கூட்டு என்பதும் அவளுடைய உடலைத்தான். பெரியாரின் பெயரில் அரசியல் செய்பவர்கள் இதைப் பகடியாகக்கூடச் சொல்லக் கூடாது.

வரைபடத்தில் ஒரு புள்ளி

1990களின் பிற்பகுதியில் பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் கிறிஸ்தோஃப் கில்மோட்டோ தலைமையில் தென்னிந்தியப் பிள்ளைப்பேற்று ஆய்வுத் திட்டம் நடந்தது. தென்னிந்தியாவின் பல்லாயிரம் கிராமங்களைக் கணினி வரைபடத்தில் ஏற்றினார்கள். பிள்ளைப்பேறு குறைவது அலை போல ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் பரவுகிறது என்று காட்டினார்கள். கில்மோட்டோவும் கேரள ஆய்வாளர் இருதயராஜனும் சேர்ந்து தொகுத்த நூல் 2005-ல் வந்தது. அருமையான வேலை. தமிழ்நாட்டின் பிறப்புக் குறைவை மாவட்டச் சராசரிக்குக் கீழே இறங்கிப் பார்க்க வைத்தவர்கள் அவர்கள்.

ஆனால் அந்த வரைபடத்தில் ஒரு கிராமம் ஒரு புள்ளி. நமக்குத் தெரியும், தமிழ்நாட்டில் எந்தக் கிராமமும் ஒரு புள்ளி அல்ல. ஊர் ஒன்று, காலனி ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு வயல், ஒரு ஓடை, ஒரு தார்ச்சாலை. சில இடங்களில் ஒரு சுவர். தண்ணீர்த் தொட்டி வேறு, சுடுகாடு வேறு. ஊரில் நடக்கும் செய்தி காலனிக்கு "அலையாகப் பரவும்" என்றால், இடையில் நிற்கும் சாதியை அந்த அலை எப்படிக் கடந்தது என்று சொல்ல வேண்டாமா?

குடும்பநல ஆய்வின் நான்காம், ஐந்தாம் சுற்றுகளில் இது இன்னும் வினோதமாகிறது. கணக்கெடுத்த இடங்களின் ஜி.பி.எஸ். குறிகளை ஆய்வாளர்களுக்குத் தருகிறார்கள். ஆனால் உண்மையான இடத்தை அப்படியே தருவதில்லை. நகர்ப்புறத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமப்புறத்தில் 5 கிலோமீட்டர் வரை, நூற்றில் ஒன்றை 10 கிலோமீட்டர் வரை வேண்டுமென்றே நகர்த்தித் தருகிறார்கள். பதில் சொன்னவரை யாரும் அடையாளம் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக. நியாயமான காரணம், நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் இந்த விதியை உலகத்துக்கெல்லாம் ஒன்றாக வகுத்தவர்களின் மனதில் ஓர் எண்ணம் இருக்கிறது: ஐந்து கிலோமீட்டருக்குள் வாழ்க்கை பெரிதாக மாறிவிடாது என்பது. திருவில்லிபுத்தூர் வட்டத்தில் ஐநூறு மீட்டரில் வாழ்க்கை மாறிவிடும். ஐந்து கிலோமீட்டர் நகர்த்தினால் காலனி ஊருக்குள் போய் விழுகிறது. ஊர் மலையடிவாரத்துத் தோப்புக்குள் போய் விழுகிறது. சேரியை ஊருக்கு வெளியே தள்ளி வைத்தது சாதி. வரைபடத்தில் அதை ஊருக்குள்ளேயே கரைத்துவிடுகிறது புள்ளியியல்.

சாதியை வேறு கட்டத்தில் கேட்கிறார்களே என்று என் துறையினர் சொல்வார்கள். கேட்கிறார்கள். அறிக்கையில் வருவது நான்கு பெட்டிகள்: பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்டோர், மற்றவர். தேவேந்திரகுல வேளாளர், பறையர், அருந்ததியர் மூவரும் ஒரே பெட்டியில். நூற்பாலை முதலாளியின் சாதியும், பிற்பட்ட வகுப்பைச் சேர்ந்த கூலித் தொழிலாளியின் சாதியும் இன்னொரு பெட்டியில். தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 2009-ல் மூன்று விழுக்காடு உள்ஒதுக்கீடு கொடுத்தோம். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்சநீதிமன்றமும் உள்வகைப்பாடு செல்லும் என்றது, தரவு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்தத் தரவைத் தரவேண்டிய ஆய்வுகளில் அருந்ததியர் என்ற சொல்லுக்கே இடமில்லை. மாவட்ட அளவிலான அறிக்கைத் தாளில் அந்த நான்கு பெட்டிகளும்கூட இல்லை. விருதுநகர் மாவட்டத்துக்கு ஒரே ஒரு சராசரிதான்.

தலித் கிறித்தவர் நிலை இதைவிட மோசம். 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே வைத்தது. வீடு காலனியில், கணக்கு வேறு எங்கோ.

கேட்டால் பதில் வருகிறது

சாதியைக் கேட்டால் மக்கள் பதில் சொல்ல மாட்டார்கள், ஆய்வு கெட்டுவிடும் என்பது ஒரு வழக்கமான சாக்கு. மேரிலாந்து பல்கலைக்கழகமும் டெல்லியின் தேசியப் பயன்பாட்டுப் பொருளியல் ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து நடத்திய இந்திய மனித வளர்ச்சி ஆய்வு, 2011-12-ல் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் நேரடியாகக் கேட்டது: உங்கள் வீட்டில் தீண்டாமை கடைப்பிடிக்கிறீர்களா? ஏறத்தாழ 27 விழுக்காட்டினர் ஏதோவொரு வடிவில் கடைப்பிடிப்பதாக ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் இத்தனை பேர். கேட்க ஆள் இருந்தது, பதில் வந்தது.

2022-ல் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா மூவரும் ஒன்பது மாநிலங்களின் தரவைக் கொண்டு சாதிவாரியாக ஆயுளைக் கணக்கிட்டார்கள். உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகள் மூன்று ஆண்டுக்கு மேல் குறைவாக வாழ்கிறார்கள். ஆதிவாசிகள் நான்கு ஆண்டுக்கு மேல் குறைவாக. வறுமையைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி முழுதாக மறையவில்லை. சாதி ஆயுளைத் தின்கிறது என்று நாம் மேடையில் சொல்வதை அவர்கள் ஆண்டுக் கணக்கில் காட்டினார்கள்.

அந்த ஒன்பது மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆயுளைக் கணக்கிடும் நம்முடைய அரசு அட்டவணை மாநிலம், ஊரகம், நகரம், ஆண், பெண் என்று பிரிக்கிறது. சாதி என்று பிரிப்பதில்லை. பிறப்பு விகிதத்தில் ஐரோப்பாவை எட்டிவிட்டோம் என்று பெருமைப்படும் மாநிலம், தன் தலித் குடிமக்கள் எத்தனை ஆண்டு வாழ்கிறார்கள் என்று அச்சிடவே இல்லை. இதைவிடப் பெரிய மக்கள்தொகைக் கேள்வி எது, தோழர்களே?

இன்னொரு எடுத்துக்காட்டு. 2011-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் நம்மூர்க் களப்பணியாளர்களோடு சேர்ந்து, தமிழ்நாட்டு நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் இளம்பெண்கள் விடுதிகளில் அடைத்து வைக்கப்படுவதைப் பற்றி அறிக்கை வெளியிட்டன. அவர்களில் பெரும்பங்கினர் தலித் பெண்கள் என்பதையும் எழுதின. மக்கள்தொகை நூல்களில் "பெண்களின் திருமண வயது உயர்ந்தது" என்ற ஒரு வரி இருக்கிறதே, அந்த வரிக்குப் பின்னால் தென்மாவட்ட ஆலை விடுதிகளில் திருமணச் சீருக்காக மூன்று ஆண்டு அடைபட்ட பெண்களும் இருக்கிறார்கள். அதைப் பார்க்க வெளியிலிருந்து ஒரு கண் தேவைப்பட்டது. உள்ளூரில் அதைப் பார்த்தவர்கள் வாய் திறந்தால் வேலை போகும்.

நாட்டெல்லைக்குள் அடைபட்ட ஆய்வு நம் வரலாற்றையே பாதியில் வெட்டிவிடும். இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பங்கினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1964-ன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேரை இலங்கை ஏற்க வேண்டும் என்று மனிதரைப் பங்கு பிரித்தது. மலையகத்தில் அவர்கள் "இந்தியத் தமிழர்" என்ற ஒற்றை வகை. அங்கே சாதி எண்ணப்படவில்லை. இங்கே திரும்பியபோது "தாயகம் திரும்பியோர்" என்ற ஒற்றை வகை. இரண்டு நாட்டு ஆய்வாளர்களும் ஒரே மேசையில் உட்காராமல் இந்த மக்களின் கதையை யாராலும் எழுத முடியாது.

தரகர்களைப் பற்றி

ஆக, சிக்கல் "வெளிநாடு" என்பதில் இல்லை. கேள்வித்தாளை யார் எழுதுகிறார், யார் அதைத் திருத்துகிறார் என்பதில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டு ஆய்வில் களப்பணி ஒருங்கிணைப்பாளராக வேலை செய்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, உள்நாட்டு நிறுவனம் ஒன்று; பெயர்கள் இங்கே தேவையில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் "ஊரா, காலனியா" என்று ஒரு கட்டம் சேர்க்கலாம் என்றேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஆர்வமாகக் கேட்டார். உள்நாட்டுப் பொறுப்பாளர்தான் சிரித்துக்கொண்டே மறுத்தார். அதெல்லாம் இப்போது யாரும் பார்ப்பதில்லை, கேட்டால் ஊரில் பிரச்சினை வரும், அனுமதி சிக்கலாகும் என்றார். கட்டம் சேரவில்லை. ஐந்து மாதம் வெயிலில் அலைந்து தகவல் சேகரித்த பதினொரு பேரும் தென்மாவட்டத்துப் பிள்ளைகள், பாதிக்கு மேல் தலித் பெண்கள். கட்டுரை வெளிவந்தபோது ஆசிரியர் பட்டியலில் எங்களில் ஒருவர் பெயரும் இல்லை. நன்றியுரையில் "களக் குழுவினர்" என்று இரண்டு சொற்கள்.

யாரும் பார்ப்பதில்லையாம். 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற முடியாது என்று கலவரம் வெடித்தது. கடைசியில் அரசு தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்தது. காமராசர் மாவட்டமாக இருந்த எங்கள் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது அப்படித்தான். மாவட்டத்தின் பெயரே சாதிக்குச் சாட்சி சொல்கிறது. இங்கே உட்கார்ந்துகொண்டு சாதியை எண்ணினால் சாதி வளரும் என்கிறார்கள். 1951 முதல் எண்ணாமல் இருந்தார்களே, தேய்ந்துவிட்டதா?

இன்னொரு பக்கம், அந்நியச் சதி என்று கூச்சலிடுபவர்கள். அந்நிய முதலீட்டுக்குச் சிவப்புக் கம்பளம் விரிப்பவர்களுக்கு அந்நிய ஆய்வாளர் மட்டும் எப்படிச் சதிகாரர் ஆனார்? கழிப்பறை இல்லாத வீட்டை எண்ணினால் சதி, இரத்தசோகையை எண்ணினால் சதி. அவர்களுக்குப் பிடித்த ஒரே மக்கள்தொகைக் கணக்கு, முஸ்லிம்கள் பெருகுகிறார்கள் என்ற பொய்க் கணக்கு. நம் பக்கத்திலும் சிலர் வடமாநிலத் தொழிலாளர் பெருகுகிறார்கள் என்று அதே குரலில் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் பீகார் இளைஞனும் அவன் ஊரில் சேரிக்காரனாக இருக்கலாம் என்ற எண்ணம்கூட அவர்களுக்கு வருவதில்லை.

தொகுதி மறுவரையறையை எதிர்ப்போம். குடும்பக் கட்டுப்பாட்டைச் செயல்படுத்திய மாநிலத்தைத் தண்டிப்பது அநீதி. ஆனால் அதே சண்டையில் இதையும் பேச வேண்டும்: சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் 44, நாடாளுமன்றத்தின் 39-ல் 7 பட்டியல் சாதியினருக்கானவை. திருவில்லிபுத்தூர் தனித்தொகுதி. இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் அடங்கிய தென்காசி நாடாளுமன்றத் தொகுதியும் தனித்தொகுதி. இந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பது கணக்கெடுப்பில் வரும் விகிதம். ஊர்த்தெருவோடு நின்றுவிட்டுக் காலனியை ஊகத்தில் எழுதும் ஒவ்வொரு கணக்கும் நம் பிரதிநிதித்துவத்தில் கை வைக்கிறது.

என்ன வேண்டும்?

களத்தில் ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: "ஏந்தாயி, வருசத்துக்கு ஒருத்தக வந்து எழுதிட்டுப் போறீக. எழுதுனதுல என்ன இருக்குன்னு ஒருத்தகளாச்சும் திரும்ப வந்து சொன்னீகளா?" ஆய்வு அறத்தைப் பற்றி நான் படித்த எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாகக் கேட்டதில்லை. வடமலைபுரம் தொடங்கி இந்த நூறாண்டுத் தொடரின் முதன்மையான நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன.

எனவே என் கோரிக்கைகள் இவை. ஒன்று, தமிழ்நாட்டில் நடக்கும் எந்தக் கூட்டு ஆய்வும் தன் முடிவை அந்தக் கிராமத்திலேயே, ஊரிலும் காலனியிலும், தமிழில் சொல்லிவிட்டுத்தான் வெளியிட வேண்டும். இரண்டு, பதில் சொன்னவரின் அடையாளத்தை மறைத்துக்கொண்டே "ஊரா, காலனியா" என்ற கட்டத்தைத் தரவில் வைக்க முடியும்; வைக்க வேண்டும். பட்டியல் சாதி என்ற ஒரே பெட்டியையும் பிற பிற்படுத்தப்பட்டோர் என்ற ஒரே பெட்டியையும் உடைக்க வேண்டும். மூன்று, களத்தில் வேலை செய்தவர்களின் பெயர் ஆசிரியர் பட்டியலில் வர வேண்டும். கேள்வித்தாள் எழுதும் மேசையில் தலித் ஆய்வாளர் உட்கார வேண்டும். நிதி தரும் வெளிநாட்டு அமைப்புகள் உள்நாட்டுக் கூட்டாளியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் குழுவில் யார் யார் என்பதே. நான்கு, தமிழ்நாடு அரசு சாதிவாரியான ஆயுளையும் குழந்தை இறப்பையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பீகாரால் 2023-ல் சாதிவாரிக் கணக்கெடுப்பை நடத்தி வெளியிட முடிந்தது; சமூகநீதி மண் என்று சொல்லிக்கொள்ளும் நம்மால் முடியாதா? ஐந்து, அமெரிக்கப் பணம் நின்றதற்காக ஒப்பாரி வைப்பதை விட்டு, இலங்கை, நேபாளம், வங்கதேசம் போன்ற நாடுகளின் ஆய்வாளர்களோடு நேரடியாகக் கை கோக்க வேண்டும். சாதி அந்த எல்லைகளையும் கடந்த ஒன்று. அதை ஆராயும் நாம் மட்டும் ஏன் எல்லைக்குள் நிற்க வேண்டும்?

2027 பிப்ரவரியில் கணக்கெடுப்பாளர் வீடு வீடாக வரப்போகிறார். 1931-க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதியும் எண்ணப்படப் போகிறது. 2011-ல் ஒருமுறை எடுத்த சாதிக் கணக்கைப் பூட்டி வைத்ததுபோல் இதையும் பூட்டி வைக்க முயல்வார்கள். அதற்குள் நாம் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. உங்கள் ஊர்க் காலனியில் எல்லா வீடும் வீட்டுப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கணக்கெடுப்பாளர் காலனிக்குள் வருகிறாரா, ஊர்த் திண்ணையிலிருந்தே எழுதுகிறாரா என்று பாருங்கள். உட்சாதிப் பெயர் சரியாகப் பதிவாகிறதா என்று கேட்டு நில்லுங்கள். எண்ணி முடித்த பின் அந்த எண்கள் வெளியே வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.